முறைச்சட்டமும் நம் தச்சுத் தொழிலும்



பழனி மலைத்தொடரின் அடிவாரத்தை அடுத்துள்ள கன்னிவாடி, பழைய திண்டுக்கற் சீமையின் பாளையங்களுள் ஒன்றாய் விளங்கிய ஊர் என்பது யாவரும் அறிந்ததே. அரண்மனைக் கதவும், கோயில் தேரும், உழவன் கலப்பையும், பாரவண்டிச் சக்கரமும் ஆகிய இவையெல்லாம் நம் விசுவகர்ம குலத்தார் கைவழியே பிறந்தன. திண்டுக்கற் சீமை 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியார்க்கு மாறிற்று. 1875-இல் திண்டுக்கல்லுக்கு இருப்புப்பாதை வந்தது. 1932-இல் பைக்காராவிலும் 1937-இல் மேட்டூரிலும் நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் எடுக்கப்பட்டு, பின்னர்ப் படிப்படியாக ஊர்தோறும் பரவிற்று. ஒவ்வொரு மாறுதலும் தச்சன் பட்டறையின் வாயிலைத் தட்டியே சென்றது. இன்று அவ்வாயிலின் உள்ளே புகுந்து நிற்பது மின்சார வட்ட ரம்பம் பொருத்திய மேசையாகும்.

நம் இளைஞர் பலர் கடன்பட்டேனும் இம்மேசையை வாங்குகின்றனர். வாங்கிய சில திங்களில், "யந்திரம் வந்தும் வேலை விரைவுபடவில்லையே, மூட்டுகள் முன்போல் பொருந்தவில்லையே" என்று வருந்துகின்றனர். வருத்தத்தின் காரணம் யந்திரத்தில் இல்லை. யந்திரத்தை வாங்கியவர்கள் அதற்குரிய முறைச்சட்டத்தைச் செய்துகொள்ளவில்லை என்பதே காரணம். அஃது யாது, உலகில் எவ்வாறு வளர்ந்தது, நம் குலத்திற்கு அதனால் வரும் நன்மையும் தீமையும் யாவை என்பவற்றைச் சரித்திர வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறைகளில் 'ஜிக்' என வழங்கப்பெறுவதையே ஈண்டு முறைச்சட்டம் என்கிறோம். ஒரு மரத்துண்டை எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு நீளத்தில் அறுக்க வேண்டுமோ, அந்த இடத்தையும் கோணத்தையும் நீளத்தையும் ஒரு முறை கவனத்தோடு ஒரு சட்டத்தில் அமைத்துவிட்டால், பின்னர் நூறு துண்டுகளை அறுப்பினும் மீண்டும் அளக்க வேண்டுவதில்லை. கோடு கிழிக்கவும் வேண்டுவதில்லை. கையின் திறமை சட்டத்திற்குள் சென்று தங்கிவிடுகிறது. மேசையின் இரு பள்ளங்களில் ஓடும் சறுக்குப் பலகை குறுக்கு வெட்டுக்கு உரியது. அதன்மேல் இறுக்கிய நிறுத்துக்கட்டை நீளத்தை நிலைநிறுத்துவது. நாற்காலிக் கால்களைக் கீழ்நோக்கிச் சிறுக்க அறுக்கும் சாய்வுச் சட்டமும், பெட்டி மூலைகளில் விரல் கோத்தாற்போல் பூட்டு வெட்டும் சட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இக்கருத்து நம் முன்னோர்க்குப் புதியதன்று. எட்டு யவை கொண்டது ஓர் அங்குலம், இருபத்துநான்கு அங்குலம் கொண்டது ஒரு முழம் எனச் சிற்ப நூல்கள் விதித்தன. மயமதம் போன்ற நூல்கள் இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு அங்குலம் கொண்ட முழங்களையும் வகுத்துக் கூறுகின்றன. இத்தனை முழங்கள் இருந்தும் குழப்பம் நேராதிருந்ததற்குக் காரணம், ஒரு வேலைக்கு ஒரு முழக்கோல் என்ற கட்டுப்பாடேயாம். அடித்தளம் முதல் சிகரம் வரை எல்லா உறுப்பும் அந்த ஒரு கோலினின்றே அளவு பெற்றன. அளவை ஒரு பொருளில் நிலைநிறுத்தி, அப்பொருளையே யாவரும் பின்பற்றுவது என்னும் நெறி அம்முழக்கோலிலேயே விளங்குகிறது.

வண்டிச் சக்கரத்தை நோக்குவோம். பன்னிரண்டு ஆரக்காலும் ஆறு வட்டைகளும் கொண்ட சக்கரம் ஒன்று உள்ளதெனக் கொள்வோம். வட்டை ஒவ்வொன்றும் வட்டத்தில் அறுபது பாகையை நிரப்ப வேண்டும். வட்டைக்கு இரு முனைகள். ஆறு வட்டைக்குப் பன்னிரண்டு வெட்டுகள். ஒவ்வொரு வெட்டிலும் அரைப் பாகை பிழைப்பின், முடிவில் ஆறு பாகை இடைவெளி விழும். அச்சக்கரத்தின்மேல் கொல்லர் இரும்புப் பட்டாவைக் காய்ச்சிப் பூட்டினாலும் அது நெடுநாள் நில்லாது. ஆதலின் நம் பெரியோர் வட்டைக்கெனத் தனியே ஒரு மாதிரிப் பலகை செய்து, அதனை வைத்தே எல்லா வட்டைகளுக்கும் கோடு கிழித்தனர். பிழை சிறிதாயினும் அது கூடிக்கொண்டே போகும் என்பதை அவர்கள் கணக்கெழுதாமலே உணர்ந்திருந்தனர்.

இனி மேனாட்டுச் சரித்திரத்தைக் காண்போம். வட்ட ரம்பத்திற்கு இங்கிலாந்தில் 1777-ஆம் ஆண்டில் சாமுவேல் மில்லர் என்பார் உரிமைப் பத்திரம் பெற்றார். எனினும் ரம்பம் தனித்து நின்று பெரும்பயன் விளைத்திலது. பாய்மரக் கப்பல்களில் கயிறிழுக்கும் மரக் கப்பிகள் ஆங்கிலக் கடற்படைக்கு ஆண்டொன்றுக்கு ஓரிலக்கம் வரை தேவைப்பட்டன. அவற்றைச் செய்வதற்காகப் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஸர் சாமுவேல் பெந்தாம் என்னும் அதிகாரியின் ஆதரவில், மார்க் பிரூனல் திட்டம் வகுக்க, ஹென்றி மாட்ஸ்லி என்னும் கருமார் யந்திரங்களைச் செய்து தந்தார். நாற்பதுக்கு மேற்பட்ட அந்த யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வேலையைப் பகிர்ந்து செய்தன. 1808-ஆம் ஆண்டில் மட்டும் 1,30,000 கப்பிகள் அங்கே செய்யப்பட்டன.

அங்கே நாம் கருத்தூன்றிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மரக்கட்டையை முதல் யந்திரத்தில் இறுக்கித் துளையிடும்பொழுதே, பிடியின் முனைகள் மரத்தில் சிறு குழிகளைப் பதித்துவிடும். அடுத்த யந்திரங்களில் கட்டையை வைக்குங்கால் அக்குழிகளிலேயே பொருத்தி வைப்பர். ஆகவே ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக அளவெடுக்க வேண்டாதாயிற்று. முதல் யந்திரத்தில் கிடைத்த இடமே முடிவு வரை இடமாயிற்று. முறைச்சட்டத்தின் உயிர்நாடி இதுவே. எல்லா வெட்டும் ஒரே முகத்தினின்று, ஒரே முனையினின்று கணக்கிடப்படுதல் வேண்டும். இன்று வலப்புறமும் நாளை இடப்புறமும் கட்டையைச் சார்த்துவோனுக்கு எத்துணை உயர்ந்த யந்திரமும் உதவாது.

மற்றொரு வரலாறு அமெரிக்காவினுடையது. கனெக்டிகட் நாட்டில் இலாய் டெர்ரி என்னும் கடிகாரத் தொழிலாளர் மரத்தாலான சக்கரங்களைக் கொண்டு மணிக்கூடுகள் செய்துவந்தார். அக்காலத்தில் ஒரு தொழிலாளி ஆண்டு முழுதும் முயன்றாலும் சிலவற்றையே முடிப்பான். டெர்ரியோ 1806-ஆம் ஆண்டையொட்டி, மூன்றாண்டில் 4,000 மணிக்கூட்டு யந்திரங்களைச் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். அண்டையிலிருந்தோர் அவரைப் பித்தர் என்றிருப்பின் வியப்பில்லை. ஏனெனில் முதலாண்டு முழுதையும் அவர் நீர்விசையால் ஓடும் ரம்பங்களையும், பற்களைச் சீராக வெட்டுதற்குரிய கருவிகளையும் அமைப்பதிலேயே கழித்தார். இரண்டாமாண்டில் ஓராயிரம் முடிந்தன. மூன்றாமாண்டில் மூவாயிரம் முடிந்து ஒப்பந்தம் நிறைவேறிற்று. ஓராண்டை வீணாக்கினார் போல் தோன்றியவரே எஞ்சிய ஈராண்டில் பலர் வாழ்நாள் வேலையைச் செய்து முடித்தார். சட்டம் செய்யும் ஒரு நாளைக் கூலியில்லா நாளென்று எண்ணும் நம் இளைஞர் இவர் கதையை மனத்திற் பதித்தல் வேண்டும்.

ஆயினும் இச்சரித்திரத்தின் மறுபக்கத்தை மறைத்தல் தகாது. போர்ட்ஸ்மத்தில் தேர்ந்த தொழிலாளர் நூற்றுப்பதின்மர் செய்த வேலையைப் பழக்கமில்லாத பதின்மர் செய்தனர் என்று சரித்திரக்காரர் புகழ்ந்தெழுதுவர். எஞ்சிய நூற்றுவர் நிலை யாது? தொழிலைக் குலதனமாகக் கொண்ட நாம் கேட்க வேண்டிய கேள்வி அஃதேயன்றோ? கைத்திறம் சட்டத்திற்குள் சென்றுவிட்டால், சட்டத்தை உடையவனே தொழிலை உடையவன் ஆகிறான். பெருநகர்த் தொழிற்சாலைகளினின்று நாற்காலியும் கட்டிலும் வண்டிவண்டியாக நம் ஊர்ச் சந்தைக்கு வருகின்றன. அவற்றைச் செய்வோர் நம்மினும் கைவல்லவர் என்பதனாலன்று. அவர்களிடம் முறைச்சட்டம் உண்டு என்பதனாலேயே விலை குறைந்து வருகின்றன. அந்தப் பதின்மருள் ஒருவராய்க் கூலிக்கு நிற்பதா, மாட்ஸ்லியைப் போல் சட்டத்தை ஆக்குவோராய் நிற்பதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

இவ்விடத்தில் திண்டுக்கற் பூட்டை நினையாதிருத்தல் அரிது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அப்பூட்டின் புகழுக்கு மூலம் கைவேலையே. ஒருவர் பூட்டின் சாவி மற்றொருவர் பூட்டைத் திறத்தலாகாது. ஆதலால் அங்கே வேற்றுமையே சிறப்பாகும். நம் தச்சு வேலையிலோ எட்டுச் சன்னல் கொண்ட வீட்டிற்கு எட்டுச் சட்டமும் ஒத்திருத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்திற்கு நாற்பது பலகை செய்தால் நாற்பதும் ஒத்திருத்தல் வேண்டும். எங்கே வேற்றுமை வேண்டும், எங்கே ஒருமை வேண்டும் என்று பகுத்தறிவதே கைவினைஞன் அறிவு. தேர்ச் சிற்பத்திற்குச் சட்டம் வேண்டா; சன்னலுக்குச் சட்டமின்றி ஆகாது.

பொருளினும் பெரியது உடல். வட்ட ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி எழுபவை. மரம் ரம்பத்திற்கும் ஓரத் தடுப்புக்கும் இடையே நெருக்குண்டால், அப்பற்கள் அதனைத் தூக்கி, அறுப்பவன்மேலேயே எறியும். அவ்வேளையில் கை ரம்பத்தின்மேல் விழுதலும் உண்டு. அமெரிக்க நாட்டில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர் இம்மேசை ரம்பத்தால் காயமுற்று மருத்துவமனை சேர்கின்றனர் என்பது அந்நாட்டு அரசாங்கத்தாரின் மதிப்பீடு. தசை பட்ட மாத்திரத்தில் ரம்பத்தை நிறுத்தும் உபாயத்தை 1999-ஆம் ஆண்டில் ஸ்டீபன் காஸ் என்பார் அங்கே கண்டுபிடித்தார். அத்தகைய விலையுயர்ந்த மேசை நம்மவர் எல்லார்க்கும் எட்டுவதன்று. முறைச்சட்டமோ பழைய பலகைத் துண்டினாலேயே அமைவது. அது மரத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது; கை ரம்பத்தினின்று விலகியே நிற்கிறது. தள்ளுகட்டையும், ரம்பத்தின் பின்னே வெட்டு மூடாதபடி காக்கும் தகடும் அதனோடு சேருமாயின் ஆபத்துப் பெரிதும் குறையும். அளவுக்கெனச் செய்த சட்டம் விரலையும் காக்கிறது.

சட்டத்தின் செம்மையைச் சோதிக்கும் எளிய வழி ஒன்றைக் கூறுவோம். சறுக்குப் பலகையின் தடுப்புக்கட்டை ரம்பத்திற்கு நேர்கோணத்தில் உளதா என்றறிய, ஒரு சதுரப் பலகையை எடுத்து நான்கு பக்கங்களையும் வரிசையாக அறுக்க. ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும், அறுத்த பக்கத்தையே தடுப்பில் சார்த்துதல் வேண்டும். ஐந்தாவதாக, முதல் பக்கத்தினின்று ஒரு மெல்லிய பட்டையை அறுத்தெடுத்து, அதன் இரு முனைகளின் அகலத்தையும் அளந்து பார்க்க. வேறுபாட்டை நான்கால் வகுத்தால், அப்பட்டையின் நீளத்திற்குத் தடுப்பு எவ்வளவு கோணியுளது என்பது விளங்கும். வேறுபாடு 0.8 மில்லிமீட்டராயின் பிழை 0.2 மில்லிமீட்டராம். சக்கர வட்டையில் பகையாய் வந்து கூடிய பிழை இங்கே நட்பாய்க் கூடி, கண்ணுக்குத் தெரியாததைத் தெரிவிக்கின்றது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. குறுக்கு வெட்டில் நீளத்தை நிறுத்த ஓரத் தடுப்பையே நேராகப் பயன்படுத்துதல் கூடாது. துண்டு இடையே சிக்கிப் பறக்கும். ரம்பத்திற்கு முன்பாகவே ஒரு நிறுத்துக்கட்டையைப் பொருத்தி, மரம் ரம்பத்தைத் தொடுமுன் அக்கட்டையை விட்டு விலகிவிடுமாறு செய்தலே முறை.

பழங்காலத்தில் நம்மவர் தொழில் மருமங்களைத் தந்தை மகனுக்கன்றிப் பிறர்க்குச் சொல்லார். அக்கட்டுப்பாடு அன்று குலத்தைக் காத்தது. இன்று ஒரு பட்டறையில் செய்த நல்ல சட்டம் அப்பட்டறையோடே அழியுமாயின் நட்டம் நம் அனைவருக்குமே. ஆதலின் அங்கத்தினர் தாம் செய்த சட்டங்களின் அளவையும் படத்தையும் சங்கத்திற்கு அனுப்புவாராயின், அவற்றைத் தொகுத்து வைத்து ஊர்தோறும் உள்ள இளைஞர்க்குக் காட்டலாகும். சட்டம் ஒவ்வொன்றின்மேலும் அது எவ்வேலைக்கு உரியது, எந்நாளில் செய்யப்பட்டது, எந்நாளில் சோதிக்கப்பட்டது என்பவற்றை எழுதிவைத்தல் நன்று. மழைக்காலத்தில் பூரித்தும் கோடையில் சுருங்கியும் மரச்சட்டம் தன் அளவை மாற்றிக்கொள்ளும் ஆதலின்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மகன் பட்டறையில் ஒரு நாள் முழுதும் ஒரு சன்னலும் செய்யாமல், பலகைத் துண்டுகளை அறுப்பதும் ஒட்டுவதும் அளப்பதுமாய் இருப்பானாயின், "இன்று என்ன சம்பாதித்தாய்?" என்று கடியாதிருங்கள். டெர்ரியின் முதலாண்டும் அவ்வாறே கழிந்தது. முழக்கோலை முதலிற் செம்மை செய்து, பின்னரே உளியைத் தொட்ட மரபில் வந்தவர் நாம். அம்மரபை வட்ட ரம்பத்தின் அருகிலும் கைவிடாதிருப்போமாக.