ஆம்ஸ்டர்டாமில் மடக்கிய புண்ணாக்கு

துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். சரக்கை நிறுத்த எத்தனையோ காரணம் சொல்வார்கள். காப்புரிமையைக் காட்டி மாட்டுத் தீவனத்தை நிறுத்திய இந்தக் கதைக்கு ஈடில்லை.

1996இல் மான்சான்டோ கம்பெனியின் ரவுண்டப் ரெடி சோயா அர்ஜென்டினாவுக்கு வந்தது. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத பயிர், வேகமாகப் பரவியது. ஆனால் அந்த நாட்டில் கம்பெனிக்குக் காப்புரிமை கிடைக்கவில்லை. விவசாயிகள் விளைச்சலிலிருந்தே விதை எடுத்துவைத்து மறுபடி விதைத்தார்கள். ஐரோப்பாவில் காப்புரிமை இருந்தது. சரி, அங்கே போகும் சரக்கைப் பிடிப்போம் என்று கம்பெனி கிளம்பியது.

2005 ஜூனிலும் 2006இலும் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த அர்ஜென்டினா சோயாப் புண்ணாக்கைச் சுங்கத்துறை நிறுத்தியது. சாம்பிள் கம்பெனியிடம் போனது. சோதித்ததில் காப்புரிமை பெற்ற மரபணு இருந்தது. இறக்குமதி செய்த செஃபெட்ரா உள்ளிட்ட நிறுவனங்கள் மீது ஹேக் நீதிமன்றத்தில் வழக்கு. அர்ஜென்டினா அரசே தன்னையும் வழக்கில் சேர்த்துக்கொண்டது. விவகாரம் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது.

தீர்ப்பு 2010 ஜூலை 6இல். அந்த மரபணுவின் வேலை களைக்கொல்லியிலிருந்து செடியைக் காப்பது. எண்ணெய் எடுத்து அரைத்த புண்ணாக்கின்மேல் யாரய்யா களைக்கொல்லி அடிப்பார்கள்? வேலை செய்யாத மரபணுவுக்குப் பாதுகாப்பில்லை என்றது நீதிமன்றம். முன்பு செடியில் வேலை செய்ததே, பிரித்தெடுத்து வேறொரு உயிரணுவில் வைத்தால் இன்னும் செய்யுமே என்ற வாதமும் எடுபடவில்லை. இறக்குமதியாளர்களுக்கு அதைவிட முக்கியம் அடுத்த பகுதி: உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தின் மூலம் இதற்குமேல் பாதுகாப்புக் கொடுக்கவும் வழியில்லை.