தலைவாயிலும் காவலும்

பொதுமன்றம் ஒன்றின் தலைவாயில் உட்புகும் வழி மட்டுமன்று. ஆட்சிக்கும் குடிமக்கட்கும் உள்ள உறவை உணர்த்தும் குறியுமாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாயில் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வாஷிங்டன் நகரில் காஸ் கில்பர்ட் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அம்மாளிகை 1935-இல் நிறைவெய்திற்று. வழக்காடுவோரும் காண வருவோரும் 44 படிகள் ஏறி, சட்டத்தின்கீழ் யாவர்க்கும் ஒப்ப நீதி என்னும் பொருள்படும் பொறிப்பின்கீழ் நடந்து, ஏறத்தாழ 13 டன் எடையுள்ள இணை வெண்கலக் கதவுகளைக் கடந்து உட்புகுந்தனர். அக்கதவுகளின் எட்டுப் புடைப்புச் சிற்பங்கள் சட்டம் வளர்ந்த வரலாற்றைக் காட்டுவன.

2001, 2009 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பாதுகாப்பு ஆய்வுகளை ஏற்று, மாளிகைப் புதுக்கப் பணியின்போது கீழ்த்தளத்தில் சோதனைக்கூடம் அமைக்கப்பெற்றது. 2010 மே முதல் பொதுமக்கள் அதன்வழியே புகலாயினர். வெண்கலக் கதவுகள் வெளியேறுதற்கு மட்டும் உரியவாயின.

நீதியரசர் பிரையர் இதற்கு வருந்தி எழுதிய குறிப்பில் நீதியரசர் கின்ஸ்பர்க்கும் உடன்பட்டார். அச்சுறுத்தல் மிக்க பிற நாடுகளின் உச்ச நீதிமன்றங்களுள்ளும் தலைவாயிலை அடைத்தது எதனையும் தாம் அறியாரென்பது பிரையர் கூற்று.

காவல் வேண்டற்பாலதே என்பதில் ஐயமில்லை. எனினும், நீதியை நாடி ஏறுதல் என்பதே அப்படிகளின் பொருள். இறங்குதற்கு மட்டும் பயன்படின் அப்பொருள் பாதியாய்க் குறைகின்றது. ஆதலின், வாயிலைக் காக்கப் புகுவோர் அதன் பொருளையும் காத்தல் கடனாம்.