குண்டசாலையிலிருந்து தூண்டிலுடன் புறப்படுமுன்

குண்டசாலைக்கு மேலே பொல்கொல்லை அணைக்கட்டு. கீழே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே நீர்த்தேக்கங்கள். மகாவலியில் அடுத்தடுத்து வரும் இந்நீர்நிலைகளுக்குப் புதிதாக மீன்பிடிக்கச் செல்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது மீனை அல்ல, நீர்மட்டத்தை.

மின்னுற்பத்திக்கும் பாசனத்துக்கும் நீர் திறக்கப்படுவதால் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா, பழைய தெல்தெனிய நகரை விழுங்கியது. நீர் நன்றாக வற்றினால் அதன் இடிபாடுகள் தலைகாட்டும். மீன் ஒதுங்குவதும் தூண்டில் சிக்குவதும் இத்தகைய இடங்களில்தான். ஆனால், காய்ந்ததுபோல் தெரியும் வண்டலில் இறங்கினால் கால் புதையும். ஆகவே கரையோர மீனவர் ஒருவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். எந்த வரைபடத்தையும்விட அவர் சொல்வது பயன்படும்.

திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். மண்புழுவுக்கும் பாண் உருண்டைக்கும் வரும். விராலுக்குப் புல் அடர்ந்த ஓரமும் அதிகாலையும் வேண்டும், கொஞ்சம் பொறுமையும்.

விக்டோரியா முதல் ரந்தெம்பே வரையான காடுகள் 1987 முதல் சரணாலயம். எங்கே மீன்பிடிக்கலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்களத்திடமும் மகாவலி அதிகாரசபையிடமும் முன்கூட்டியே கேட்டறியுங்கள். ரந்தெனிகல பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். மலையில் மழை பெய்யும் நாட்களில், பொல்கொல்லை வான்கதவுகள் திறக்கப்பட்டால் குண்டசாலை ஆற்றோரத்திலும் நீர் சட்டென உயரும்.