இல்லாத காலில் வரும் வலிக்கு ஒரு கண்ணாடி

சர்க்கரை நோயால் காலை எடுத்த பிறகு, "அந்தக் கால் வலிக்கிறது, விரல் எல்லாம் மடங்கி இழுக்கிறது" என்று வாப்பா சொன்னால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்றுதான். அதற்குப் பயந்தே பலர் வலியை வெளியே சொல்வதில்லை.

இது மனப்பிரமை அல்ல. கை, கால் அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓர் அளவில் இந்த வலி வருகிறது. உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. காலை எடுத்தாலும் அந்த இடம் அழிவதில்லை. காலை அசைக்க மூளை உத்தரவு அனுப்புகிறது; அசைந்ததாகப் பதில் எதுவும் வருவதில்லை. இந்தக் குழப்பமும், வெட்டுப்பட்ட நரம்புகள் அனுப்பும் தவறான செய்திகளும் வலிக்குக் காரணம் என்று கருதப்படுகிறது.

இதற்கு எளிய வழி கண்டவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன். 1990களில் அமெரிக்காவின் சான் டியேகோவில், மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டியின் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினார். ஒரு கை இழந்தவர் நல்ல கையை உள்ளே விட்டு அசைத்தால், இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் அதன் பிம்பம் அசையும். இறுகி மூடியிருப்பதாக உணர்ந்த கை திறந்துவிட்டதாகச் சிலர் சொன்னார்கள். 1996இல் வெளியான ஆய்வில் அவர் இதற்கு வைத்த பெயர் 'வர்ச்சுவல் ரியாலிட்டி பெட்டி'! கம்ப்யூட்டரும் இல்லை, மின்சாரமும் இல்லை.

2007இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், கால் இழந்த 22 பேரிடம் இதைச் சோதித்தார்கள். தினம் 15 நிமிடம், நான்கு வாரம். கண்ணாடி பார்த்துப் பயிற்சி செய்த குழுவில் அதை முடித்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது.

காலுக்கு என்றால் உட்கார்ந்து இரு கால்களுக்கும் நடுவே நீளமான கண்ணாடியை வைத்து, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி மெதுவாக அசைக்க வேண்டும். டவுணில் கண்ணாடி வெட்டித் தரும் கடைகளிலேயே வாங்கலாம். ஓரத்தை மழுங்கத் தேய்த்துக் கேளுங்கள், சர்க்கரை உள்ளவருக்குச் சிறு கீறலும் ஆபத்து. ஆனால் முதலில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ உங்கள் மருத்துவரிடமோ காட்டுங்கள். எடுத்த இடத்தில் புண், சீழ் இருந்தால் அந்த வலிக்கு மருத்துவம் வேறு. ஆரம்பத்தில் சிலருக்குத் தலைசுற்றலோ வலி கூடுவதோ உண்டு. அப்படியானால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் கேட்க வேண்டும்.

தலையில் மாட்டும் விலையுயர்ந்த கருவிகள் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காலையும் இழந்தவருக்குக் கண்ணாடியில் காட்ட நல்ல கால் ஏது? அங்கே கம்ப்யூட்டர் வரைந்து காட்டும் கால்கள் உதவலாம். ஒரு கால் இருப்பவர் கண்ணாடியிலேயே தொடங்கலாம்.