உதவிநன்கொடையும் ஊர்ப் பாடசாலையும்

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கல்லூரிகளின் கதையையே எழுதுகின்றனர். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நிறுவிய செமினரி, 1890இல் தோன்றிய இந்துக் கல்லூரி ஆகியவை அக்கதையில் முன்னிற்கும். ஊர்மூலையில் கிடுகு வேய்ந்த கொட்டிலில் நடந்த பாடசாலையும், அதற்கு அரசாங்கம் அளந்து கொடுத்த சிறு நன்கொடையும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தச் சிறு தொகை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது, என்ன நிபந்தனையுடன் வந்தது என்று வினவத் தொடங்கினால், ஒரு நூற்றாண்டுச் சமூகப் போராட்டமே நம் கண்முன் விரிகின்றது.

1869இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அதையடுத்து, தனியார் நடத்தும் பாடசாலைகளுக்கு உதவிநன்கொடை வழங்கும் முறை விரிவாக்கப்பட்டது. எச்சமயத்தார் நடத்தினும் நன்கொடை பெறலாம் என்பது விதி. ஏட்டளவில் இது நடுநிலையான விதியே. எனினும், கட்டடமும் தளபாடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் முன்னரே உள்ளவனுக்கே உதவி என்னும்போது, நடுநிலை எப்பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. அரை நூற்றாண்டாக வேரூன்றியிருந்த மிஷன் சங்கங்களுக்கு இவையனைத்தும் இருந்தன. வித்தியாதிபதிக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் வரையவும் ஆளிருந்தது. ஊரார் கூடி எழுப்பிய கொட்டிலுக்கோ சட்டம்பியார் ஒருவரும் மணல் பரப்பிய தரையுமே இருந்தன.

ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். அதற்கு அரசாங்க நன்கொடை கிடைத்தது 1870இல். இடைப்பட்ட 22 ஆண்டுகள் அப்பாடசாலை ஊராரின் கொடையாலும், வீடுதோறும் சேர்த்த பிடியரிசியாலும் நின்றது. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை எடுத்து வைத்த பெண்களின் பெயர்கள் எவ்வறிக்கையிலும் இல்லை; எனினும் அவர்களையே அப்பாடசாலையின் முதல் நன்கொடையாளர் என்று நாம் கொள்ளல் தகும். மக்கள் செலுத்திய வரியில் ஒரு பங்கு மக்களின் பாடசாலைக்குத் திரும்பி வரவேண்டும் என்ற கோரிக்கை, அந்நிய ஆட்சிக்கு எதிரான நியாயமான கோரிக்கையே. ஆனால் அக்கோரிக்கையை எழுப்பியவர்கள் ‘மக்கள்’ என்று யாரைக் கருதினர் என்பது வேறு வினா. நாவலர் சாதியாசாரத்தைக் கைவிட்டவரல்லர். அதைச் சொல்லாமல் அவருடைய கல்விப்பணியைப் புகழ்வது வரலாறாகாது, வழிபாடாகும்.

நன்கொடை வழங்கிய விதத்தையும் கவனித்தல் வேண்டும். பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு என்பது அக்கால முறை. வித்தியாதரிசி பாடசாலைக்கு வந்து பிள்ளைகளை வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் சோதிப்பார். சித்தியடைந்தவர் தொகைக்கேற்பப் பணம் வரும். இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட இம்முறை குடியேற்ற நாட்டிற்கும் ஏற்றுமதியாயிற்று. ஆசிரியரின் வயிறு பிள்ளையின் வாய்ப்பாட்டில் தொங்கியது. மந்தமான பிள்ளையும், விதைப்புக்கும் அறுவடைக்கும் மறிக்கப்பட்ட பிள்ளையும் பாடசாலைக்கு நட்டமாயினர். அப்பிள்ளைகள் எவ்வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை ஊகித்தல் எளிது. 1890களில் கால் மைல் விதி வந்து சேர்ந்தது. ஏற்கெனவே ஒரு பாடசாலை உள்ள இடத்திலிருந்து கால் மைலுக்குள் எழும் புதிய பாடசாலைக்கு உதவியில்லை என்பது அதன் சாரம். முந்தி வந்தவன் மிஷனாதலால், பிந்தி எழுந்த பௌத்த, சைவப் பாடசாலைகளையே அவ்விதி தாக்கியது.

1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியபின் சைவப் பாடசாலைகள் பெருகின, நன்கொடையும் பெற்றன. அப்போதுதான் பழைய வினா புதிய வடிவில் எழுந்தது. நன்கொடை பெற்ற பல பாடசாலைகளில் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர முடியவில்லை. வாசலிலே தடுக்கப்பட்டவர் போக, உள்ளே வந்தவர் தரையில் இருந்தனர். 1929இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளில் சமாசனம் வேண்டுமெனப் பணித்தது. மேற்சாதியார் மனுக்கள் எழுதினர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. நன்கொடை மறுக்கப்பட்டபோது ‘பொதுப்பணம் அனைவர்க்கும் உரியது’ என்று வாதாடிய சமூகத்திலிருந்தே, ‘எம் பாடசாலையில் யார் எங்கே இருப்பது என்று அரசாங்கம் ஏன் கேட்க வேண்டும்?’ என்ற குரல் கிளம்பியது. அக்காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சமாசனத்தின் பக்கமே நின்றது. அதன் முன்னணியில் ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் இருந்தமை நமக்குப் பெருமை தருவது.

அந்நிய அரசாங்கம் சமத்துவத்தின்மேல் கொண்ட காதலால் இதைச் செய்தது என்று மயங்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோர் தாமே சங்கம் கூடிக் குரலெழுப்பிய காலம் அது. அவர்கள் கையிலே கிடைத்த பிடி இந்த நன்கொடையே. காணி முகாமையாளருடையது, கட்டடமும் அவருடையது. ஆனால் அரசாங்கப் பணம் ஒரு ரூபாயேனும் உள்ளே நுழைந்தபின், அப்பாடசாலை ஒருவன் வீட்டுத் திண்ணையாக இருக்க முடியாது.

வடமராட்சியில் சூரன் நிறுவிய தேவரையாளிப் பாடசாலை இவ்வரலாற்றின் மறுபக்கம். சேர்க்க மறுத்தவர் வாசலில் நின்று இரந்துகொண்டிராமல், ஒடுக்கப்பட்ட சமூகத்தார் தமக்கென ஒரு கல்விக்கூடத்தைத் தாமே எழுப்பினர். அவருடைய சுயசரிதையைப் படிக்காத ஆசிரியர் படித்தல் வேண்டும். மலைநாட்டிலோ நிலைமை இன்னும் கேடானது. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தி, நன்கொடையும் வழங்கியது. பிள்ளையின் உழைப்பிலே இலாபம் காண்பவனிடமே அப்பிள்ளையின் பள்ளியை ஒப்படைத்த விந்தை அது!

1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. எனினும் உதவி பெறும் பாடசாலைகளில் ஆசிரியரை நியமிக்கும் அதிகாரம் முகாமையாளரிடமே இருந்தது. சம்பளத்தைப் பொதுப்பணம் கொடுத்தது. சம்பளம் பெறுபவன் இன்னாரென்று தனியொருவர் தீர்மானித்தார். பயிற்சிக் கல்லூரியிலிருந்து சான்றிதழோடு வெளிவந்த ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞனுக்கு அவ்வொருவரின் விருப்பே கடைசி மதில். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்க முகாமையின்கீழ்க் கொணர்ந்தபோது, சமயம் அழிகின்றது என்று மேடைகளில் பலர் முழங்கினர். அம்மேடைகளில் பேசாத ஒரு கூட்டம், நியமனக் கடிதம் இனி எங்கிருந்து வரும் என்பதை மட்டும் கவனித்துக் கொண்டிருந்தது.