ஸ்டியரிங் வலப்பக்கம், சாலையும் வலப்பக்கம்

யாங்கோனில் டாக்சி ஏறினால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். ஓட்டுநரும் பெரும்பாலும் வலப்பக்கம், நடைபாதையை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது அவருக்குச் சரியாகத் தெரியாது. இடது சீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும்.

பிரிட்டிஷ் காலத்திலிருந்து இங்கே இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். 1970 டிசம்பரில் நே வின் அரசு வலப்பக்கம் மாற்றியது. ஜோசியர் சொல்லித்தான் மாற்றினார் என்று ஊரில் சொல்வார்கள். நான் அதைக் கதையாகவே எடுத்துக்கொள்கிறேன். 1964-இல் கடைகள் அரசுடைமையானதும் கப்பலேறிய நம்மவர்களின் நினைவில் ரங்கூன் இன்னும் இடப்பக்கமாகவே ஓடும்.

சாலை மாறியது, வண்டி மாறவில்லை. 2011-க்குப் பிறகு இறக்குமதி விதிகள் தளர்ந்ததும் ஜப்பானின் பழைய கார்கள் வந்து குவிந்தன. அங்கிருந்து வந்த பழைய பஸ்களுக்குக் கதவு இடப்பக்கம். மாற்றிப் பொருத்தாவிட்டால் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் கார்களின் இறக்குமதியை 2017-இல்தான் கட்டுப்படுத்தினார்கள்.

மோதினால் யார் குற்றம்? மியான்மரின் தண்டனைச் சட்டம் 1860-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு எழுதியதுதான். பிரிவு 279, கண்மூடித்தனமாக ஓட்டுவது. 304ஏ, கவனக்குறைவால் ஒருவர் சாவது. இந்த 304ஏ சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உண்டு. இந்தியாவில் 2024 ஜூன் வரை இருந்தது. ஓட்டியவர் கவனமாக ஓட்டினாரா என்பதுதான் கேள்வி. எதிரே தெரியாத சீட்டில் அவரை உட்கார வைத்தது யார் என்று கேட்க அதில் பிரிவு இல்லை. எனக்கு அது உறுத்தும். ஆனால் தெரியாதபோது ஏன் முந்தினாய் என்று கேட்டால் பதிலும் இல்லையே!

இன்சூரன்ஸ் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அரசின் கையில் மட்டுமே இருந்தது. தனியார் கம்பெனிகள் 2013-இல்தான் வந்தன. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அடிபட்டவருக்குத்தான் அந்தப் பணம், உங்கள் பம்பருக்கு அல்ல. அதனால் சின்ன உரசல் என்றால் வண்டியை ஓரங்கட்டி, அங்கேயே ஒரு தொகை பேசி முடித்துக்கொள்வதுண்டு. ஸ்டேஷனில் டாக்சி நிற்கிற ஒவ்வொரு நாளும் ஓட்டுநருக்கு வருமானமில்லாத நாள்.