தொலைக்காட்சி நகைச்சுவையும் சாயி பராஞ்ச்பேயும்

வன்னிப் பெருநிலத்திலே, வற்றாப்பளைக் கண்ணகியின் வழிபாட்டோடு இணைந்ததாய், முள்ளியவளையிலும் அயலூர்களிலும் நெடுங்காலமாக ஆடப்பட்டு வந்தது கோவலன் கூத்து. கதை ஒரு பெண்ணின் கதை. எனினும், மரபுவழியிற் கண்ணகியாகவும் மாதவியாகவும் களரியேறியோர் ஆண்களே. பாடுவிப்பவரும் ஆண்; சபையைச் சிரிக்க வைக்கும் உரிமையும் ஆண்களுக்கே இருந்தது. இது கூத்துக் களரிக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வானொலியும் தொலைக்காட்சியும் தோன்றிய பின்னரும் நகைச்சுவையை எழுதிய கை பெரும்பாலும் ஆணின் கையாகவே இருந்தது. இவ்வழக்கத்தை இந்தியத் தொலைக்காட்சியின் இளமைக் காலத்திலேயே மீறியவர் சாயி பராஞ்ச்பே.

அவர் 1938 மார்ச் 19 இல் லக்னோவிற் பிறந்தார். தந்தை ரஷ்ய ஓவியர். தாய் சகுந்தலா பராஞ்ச்பே நடிகையாகவும் சமூகத் தொண்டராகவும் விளங்கியவர். பாட்டனார் ரகுநாத் பராஞ்ச்பே, கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1899 இல் முதன்மை நிலை எய்திய முதல் இந்தியர். இத்தகைய இல்லத்தில் வளர்ந்த பேர்த்தியின் சிறுவர் கதைநூல் ஒன்று, அவருக்கு எட்டு வயதாயிருந்தபோதே மராத்தியில் வெளிவந்தமை வியப்பன்று. புனே வானொலியில் அறிவிப்பாளராகத் தொழில் தொடங்கிய அவர், டில்லி தேசிய நாடகப் பள்ளியில் 1963 இல் பயிற்சியை நிறைவு செய்தார்.

டில்லியில் தொலைக்காட்சி 1959 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. சென்னைக்கு அது வந்தது 1975 இல். இலங்கையில் ரூபவாகினி பிறந்தது 1982 இல். சாயி தொலைக்காட்சிக்கு ஆக்கிய 'சிறிய தேநீர்க்கடை' என்னும் படம் 1972 இலேயே தெஹ்ரானில் ஆசிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் பரிசைப் பெற்றது என்பதை இவ்வாண்டுகளோடு ஒப்புநோக்கினால், அவர் எத்துணை முந்தியவர் என்பது புலனாகும். எழுத்தும் நெறியாள்கையும் அவரிடமே ஒருங்கிருந்தன.

பராஞ்ச்பேயைத் திரைப்பட நெறியாளராக மட்டும் நோக்குவோர், அவரது நகைச்சுவை தொலைக்காட்சியில் உருவானதைக் காணத் தவறுகின்றனர். 1981 இல் வெளிவந்து புகழீட்டிய 'சஷ்மே பத்தூர்' (கண்ணூறு அகல்க என்பது அதன் பொருள்), அவர் டில்லித் தொலைக்காட்சிக்கு முன்னர் எழுதிய 'துவான் துவான்' என்னும் நாடகத்தின் விரிவேயாகும். 'புகை, புகை' என்பது அத்தலைப்பு. ஓர் அறையில் மூன்று இளைஞர், சிகரெட், வெற்றிலைக் கடைக்காரருக்குத் தீராத கடன்: கதைக்கு இவ்வளவே போதும். அயல்வீட்டுப் பெண்ணை அணுகி அவமானப்பட்டுத் திரும்பும் இருவர், தாம் காதலில் வென்றதாகத் திரைப்படப் பாணியிற் புளுகுகின்றனர். அப்பெண்ணோ வீடுவீடாகச் சென்று சலவைத்தூள் விற்பவள். நகைப்புக்கு இலக்காவது அவளல்லள்; அவளைப் பற்றி ஆண்கள் புனையும் கதைகளே. நகைச்சுவையின் திசையை இவ்வாறு திருப்பியதே சாயியின் தலையாய பங்களிப்பு எனலாம். பெண்ணின் உடலையும் பேச்சையும் கேலி செய்தே சபையைச் சிரிக்க வைத்துப் பழகிய நம் மேடைகளுக்கு இது இன்னும் ஒரு பாடமாகவே உள்ளது.

மேலைநாட்டிலும் இதற்கு இணை உண்டு. அமெரிக்காவில் 1951 இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரை எழுதியோருள் மடலின் பியூ என்னும் பெண்ணும் ஒருவர். கதாநாயகி செய்யவேண்டிய குறும்புகளைத் தாமே செய்துபார்த்த பின்னரே அவர் எழுத்தில் இட்டார் என்பர். ஆயின் அவர் குழுவொன்றில் ஒருவராய் எழுதினார். சாயியோ எழுதியதைத் தாமே படமாக்கும் வாய்ப்பையும் பெற்றிருந்தார்.

'ஸ்பர்ஷ்' படத்தின் திரைக்கதைக்காகத் தேசிய விருதும், பம்பாய்க் குடியிருப்பொன்றைக் களமாக்கிய 'கதா' (1983) படத்தின் வெற்றியும் பெற்ற பின்னரும் அவர் சின்னத்திரையைக் கைவிடவில்லை. 'அடோஸ் படோஸ்' (1984), 'சோட்டே படே' (1985) ஆகிய தொடர்களை அதற்கு அளித்தார். முன்னதன் பெயருக்கு 'அண்டை அயல்' என்பது பொருள். ஒட்டிய சுவர்களும் ஒட்டுக்கேட்கும் செவிகளும் அவருக்கு என்றும் விருப்பமான களமாயிருந்தன.

இந்திய அரசு 2006 இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கியது. 'சஷ்மே பத்தூர்' வேறொருவர் நெறியாள்கையில் மீண்டும் படமாகி 2013 ஏப்பிரல் 5 இல் வெளிவந்தபோது, பழைய படமும் புதுப்பிக்கப்பட்டு அதே நாளில் திரையரங்கு கண்டது. டில்லித் தொலைக்காட்சிக்கு ஒரு பெண் எழுதிய 'புகை, புகை'தான் இரண்டிற்கும் மூலம்.